சமரசத் தீர்வு மையம்: வாசலில் ஒரு சொல், மேசையில் வேறு சொல்

எங்கள் வழக்கு ஒரு கிணற்றையும் அதற்குச் செல்லும் ஐந்தடி அகல நடைபாதையையும் பற்றியது. தந்தையார் மறைந்த பிறகு பூர்வீக வீட்டை நடுச்சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்துக்கொண்ட நானும் என் தம்பியும், கிணறு யாருடையது என்பதை எழுதிவைக்காமல் விட்டோம். அதன் பலனாக நான்கு ஆண்டுகள் உரிமையியல் நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக் கழித்தோம். நான் வாதி, அவன் பிரதிவாதி. சாட்சி விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் நீதிபதி வழக்கைத் தம் வளாகத்திலேயே இயங்கும் சமரசத் தீர்வு மையத்துக்கு அனுப்பினார். அங்கே பதினொரு வாரங்களில் ஐந்து அமர்வுகள் நடந்தன. அந்தச் சேவையைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் ஆகையால், உள்ளே நடக்கும் வேலையைப் பற்றி எழுதும்போது வாசற்பலகையில் உள்ள சொல்லைப் பற்றி எழுதாமல் நகர முடியவில்லை. இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு நன்று, மேலே ஒட்டியிருக்கும் சீட்டுத்தான் ஆளை விரட்டுகிறது.

முதல் நாள் அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் இரண்டு முனைகளில் அமர்ந்திருந்தோம். இரண்டு ஆண்டுகளாக என்னோடு பேசாத தம்பி, கையில் இருந்த அறிவிப்பைப் பார்த்தபடியே, என்னைப் பாராமல் சொன்னான்: “நான் எதுக்குண்ணே சமரசம் ஆகணும்? தப்புப் பண்ணினவன்தானே சமரசத்துக்கு வரணும்?” எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தின் அடியில் ஒரு வியப்பும் இருந்தது, ஏனெனில் அதே எண்ணத்தோடுதான் நானும் அன்று காலை வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தேன். சமரசம் என்ற சொல் எங்கள் இருவர் காதிலும் ஒரே மாதிரியாக, விட்டுக்கொடுத்து வெறுங்கையோடு திரும்புவதாக ஒலித்திருக்கிறது. நான்கு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சொல் இப்படி ஆனது எப்படி என்று அன்றிரவு யோசித்தேன். சமம், ரசம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது சமரசம். சுவை ஒன்றாதல், தன்மை ஒன்றாதல் என்பது அதன் வேர்ப்பொருள். தாயுமானவர் தம் சித்தர்கணப் பாடல்களில் “வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை பெற்ற வித்தகச் சித்தர் கணமே” என்று பாடும்போது, வேதாந்தி பாதியையும் சித்தாந்தி பாதியையும் விட்டுக்கொடுத்து ஓர் உடன்படிக்கையில் கையொப்பம் இட்டார்கள் என்று பொருள்படுவதில்லை. இரண்டும் முரண்படாமல் நிற்கும் ஓர் உயர்ந்த இடத்தை அவர் சொல்கிறார். அதை ‘நன்னிலை’ என்கிறார், ‘பெற்ற’ என்கிறார். வள்ளலார் 1865ஆம் ஆண்டில் சமரச வேத சன்மார்க்க சங்கம் கண்டு, 1872ஆம் ஆண்டில் அதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றியபோதும் வேதம் என்ற சொல்தான் நீங்கியது. சமரசம் முன்னிருந்த இடத்திலேயே முதற்சொல்லாக நின்றது. சாதி, சமய வேற்றுமைகளைக் கடந்த பொதுமைக்கு அவர் தேர்ந்துகொண்ட சொல் அது. அந்தச் சொல்லைத்தான் இன்று மளிகைக்கடையில் மிளகாய்த்தூள் பொட்டலத்தின் முதுகில் ‘தரத்தில் சமரசம் இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது சமரசம் என்பது கலப்படத்துக்கு அடுத்த வீடு. அரசியல் மேடையில் ‘சமரசமற்ற போராளி’ என்பது மாலை. ‘கொள்கையில் சமரசம் செய்துகொண்டார்’ என்பது செருப்பு.

மெய்ப்புத் திருத்துகிறவனுக்குப் பெயர்ச்சொல்லைவிட அதோடு ஒட்டும் வினைச்சொல்தான் முதலில் கண்ணில் படும். இந்தச் சொல்லின் தலைவிதியை வினைகளே எழுதியிருக்கின்றன. ‘ஊரில் சமரசம் நிலவியது’ என்றால் நல்ல செய்தி. ‘சண்டையிட்ட இருவரையும் பெரியவர் சமரசம் செய்தார்’ என்றாலும் நல்ல செய்தியே. அங்கே செய்கிறவர் மூன்றாம் ஆள். ‘இருவரும் சமரசம் ஆனார்கள்’ என்பதிலும் குறையில்லை. ‘இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள்’ என்பது வரை பொறுத்துக்கொள்ளலாம், எழுவாய் பன்மையாக இருப்பதால். எழுவாய் ஒருமையானதும் கதை மாறிவிடுகிறது. ‘அவர் சமரசம் செய்துகொண்டார்’ என்று எழுதிப் பாருங்கள். யாரோடு என்ற கேள்வியே எழாது, எதை விற்றார் என்ற கேள்விதான் எழும். ஒத்துப்போவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்ற இலக்கணம், எழுவாயில் ஒருவர் குறைந்ததும் குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஆங்கிலக் ‘காம்ப்ரமைஸ்’ என்ற சொல்லுக்கு நல்ல முகம், கெட்ட முகம் என்று இரண்டு உண்டு. அதற்கு ஈடாகச் செய்தித்தாள்கள் சமரசத்தை ஆண்டு ஆண்டு, அந்தக் கெட்ட முகமும் இதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். போதாக்குறைக்கு, சமர் என்றால் போர். அதற்கும் இதற்கும் உறவே இல்லை என்றாலும், எங்கள் பெஞ்சின் இரு முனைகளைப் பார்த்தவருக்கு உறவு இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

பலகையில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர், இழப்பதற்கு அழைக்கப்பட்டவராகவே போகிறார். அதைத் தாண்டிச் சேவை வேலை செய்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த நல்ல செய்தி.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, நீதிமன்றத்துக்கு வெளியே தீரக்கூடிய வழக்கு என்று நீதிபதிக்குத் தோன்றினால் அதை வேறு வழிகளுக்கு அனுப்பலாம் என்கிறது. அந்தச் சட்டத்தில் செய்த திருத்தங்களில் ஒன்றாக அது 2002 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றவர்கள் நம் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார் என்பதும், அந்த வழக்கில் 2005ஆம் ஆண்டு வந்த தீர்ப்பே இந்தப் பிரிவை நடைமுறைப்படுத்துவதற்கு வழிகோலியது என்பதும் ஒரு சுவையான முரண். அதே 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்ட மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது. பிறகு மாவட்டங்களுக்கும் பரவியது. நாங்கள் சென்றது அப்படிப்பட்ட மாவட்ட மையம் ஒன்றுக்கு.

கட்டணம் இல்லை. சமரசர் என்று அழைக்கப்படும் நடுவருக்கு நாங்கள் எதுவும் தரவில்லை. ஐந்து முறை பேருந்துக் கட்டணமும் வளாகத்து டீக்கடையில் செலவிட்டதும்தான் என் கணக்கு. இவர்கள் நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள். எங்களுக்கு அமைந்தவர் ஒரு மூத்த பெண் வழக்கறிஞர். எங்கள் வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர். முதல் அமர்வில் விதிகளைத் தமிழில், தாளைப் பாராமல் சொன்னார். தாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இங்கே பேசுவது எதுவும் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. தம்மைச் சாட்சியாகவும் அழைக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். போனால் ‘தீர்வு ஏற்படவில்லை’ என்ற ஒரு வரி அறிக்கை மட்டுமே நீதிபதிக்குச் செல்லும், யாரால் ஏற்படவில்லை என்பது அதில் இராது. கடைசியாகச் சொன்ன அந்த விதியைக் கேட்டபோது தம்பி நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டு முறை மத்தியஸ்தம் நடந்து தோற்றிருக்கிறது. மத்தியஸ்தர் என்றால் நடுவில் நிற்பவர் என்றுதான் பொருள். ஆனால் எங்களூர் மத்தியஸ்தர்கள் நடுவில் நின்றதைவிட மேலே உட்கார்ந்ததே அதிகம்: யார் பக்கம் நியாயம் என்று விசாரித்து, ஒருவரைக் கடிந்து, மற்றவரைத் தட்டிக்கொடுத்து, ‘சரி, பெரியவன் நீதான் விட்டுக்கொடுத்துப் போ’ என்று முடித்தார்கள். இந்த அறையில் நியாயம் யார் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை. எனக்கு அது முதலில் பெரிய ஏமாற்றம். நான்கு ஆண்டுகளாகத் திரட்டிவைத்திருந்த ரசீதுகளையும் புகைப்படங்களையும் ஒரு துணிப்பையில் சுமந்து சென்றிருந்தேன். ஐந்து அமர்வுகளிலும் அந்தப் பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

அந்த அம்மையார் சமரசம் என்ற சொல்லையும் ஐந்து அமர்வுகளில் ஒருமுறைகூட ஆளவில்லை. இதை நான் வேண்டுமென்றே எண்ணிக்கொண்டிருந்தேன். ‘ரெண்டு பேருக்கும் ஒத்து வருமா’, ‘இதுக்கு உங்களுக்குச் சம்மதமா’, ‘இது தோதுப்படுமா’ என்றே கேட்டார். ‘ஒத்து வருமா’ என்பதில் எழுவாய் அந்த ஏற்பாடு, மனிதர் இல்லை. ஏற்பாடு நமக்கு ஒத்து வரவேண்டும், நாம் அதற்குப் பணியவேண்டியதில்லை. இந்த நுணுக்கம் பயிற்சியால் வந்ததா, அவருடைய நாக்கின் இயல்பா என்று நான் கேட்கவில்லை. எதுவாயினும் எங்கள் விறைப்பைத் தளர்த்தியதில் பாதிப் பங்கு அந்தச் சொற்களுக்கு உண்டு.

மூன்றாம் அமர்வில் எங்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். தனி அமர்வில் சொன்னதை, சொன்னவர் அனுமதியின்றி மறுதரப்புக்குச் சொல்லமாட்டார்கள். தம்பியோடு முக்கால் மணி நேரம் பேசியபின் அவன் அனுமதியோடு என்னிடம் வந்து ஒரே ஒரு செய்தியைச் சொன்னார். கிணற்று நீர் அவனுக்குப் பெரிதில்லையாம். அவன் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டாகிவிட்டது. என் வழக்குரையில் அவனை ‘அத்துமீறி நுழைபவர்’ என்று எழுதியிருந்ததுதான் அவனுக்கு ஆறவில்லையாம். பிறந்து வளர்ந்த வீட்டின் கிணற்றடிக்கு அத்துமீறி நுழைவது எப்படி என்று கேட்டானாம். அந்த வழக்குரையை என் வழக்கறிஞர் எழுதினார். கையொப்பமிடும் முன் நான் படித்தேன். இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தியதுகூட நினைவிருக்கிறது. அந்தச் சொல் என் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை விரித்து எழுத ஒன்றுமில்லை. நான் ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றேன், அவன் நடைபாதையில் போட்டிருந்த கம்பிவேலியை எடுக்க ஒப்பினான், மற்றவை கணக்கு.

எழுதும் கட்டத்தில்தான் சொல் மீண்டும் எங்களைப் பிடித்துக்கொண்டது. முதல் வரைவு ஆங்கிலத்தில் வந்தது. நாங்கள் தமிழில் கேட்டோம். ஒரு வாரம் கழித்துத் தமிழில் வந்தது. அதன் முதல் வரி, ‘வாதியும் பிரதிவாதியும் தங்களுக்குள் சமரசம் செய்துகொண்டுவிட்டபடியால்’ என்று தொடங்கியது. தம்பி அந்த வரியில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பேனாவை எடுத்தேன். தட்டச்சு செய்தவருக்கு எரிச்சல். எல்லா வழக்குக்கும் இதே வரிதான் என்றார். அம்மையார் சிரித்துக்கொண்டே, சரி, வேறு என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார். மேசையில் இருந்த ஒரு வெற்றுத்தாளில் நாங்கள் அலசிய சொற்களை இங்கே பதிவு செய்வது, இதே மேசைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவக்கூடும்.

எங்கள் அப்பா காலத்துச் சொல் ராஜி. ‘ராசி ஆகிவிட்டது’, ‘ராசியாய்ப் போய்விட்டார்கள்’ என்று ஊரில் இன்றும் முதியவர்கள் சொல்வதுண்டு. இது நட்சத்திர ராசி அன்று. மனநிறைவு, விருப்பம் என்ற பொருளில் அரபியிலிருந்து பாரசீக வழியாக நீதிமன்றக் கச்சேரிக்கு வந்த சொல். வழக்கை முடித்துக்கொள்ளக் கொடுக்கும் இசைவுப் பத்திரத்துக்கு ராஜிநாமா என்று பெயர். அதே ராஜினாமாதான் பிற்காலத்தில் வேலையை விடுவதற்கான கடிதமாயிற்று. மனமொப்பி எழுதும் தாள் என்று பிறந்த சொல், பெரும்பாலும் மனம் ஒப்பாதவர்கள் எழுதும் தாளுக்குப் பெயரானது தமிழில் நடந்த வேடிக்கைகளில் ஒன்று. சமரசத்துக்கு நேர்ந்தது அதற்கு முன்பே இன்னொரு சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது.

சமாதானம் என்ற சொல்லைத் தட்டச்சாளர் முன்மொழிந்தார். நான் ஒப்பவில்லை. போர் நின்றால் சமாதானம். ஆனால் ‘சமாதானம் சொன்னான்’ என்றால் சாக்குச் சொன்னான் என்று பொருள். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம், அதாவது கேட்டதைக் கொடுக்காமல் வாயை அடைக்கிறோம். கிணற்றுக்கு அது ஆகாது.

இணக்கம் நல்ல சொல். ஔவையாரின் ஆத்திசூடியில் ‘இணக்கமறிந்து இணங்கு’ என்று இருக்கிறது; ஆளின் பொருத்தம் அறிந்து நட்புக் கொள் என்பது அதன் கருத்து. ‘நல்லிணக்கம்’ என்று அடைமொழியோடு வந்தால் சமய நல்லிணக்கம், சமூக நல்லிணக்கம் எனப் பெரிய விஷயங்களைச் சுமக்கிறது. இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளை மக்கள் இணக்க சபை என்றும் சொல்வதுண்டு. பலகைக்கு அதுவே எவ்வளவோ பொருத்தம் என்பது என் எண்ணம், ஏனெனில் இணக்க சபைக்குப் போகிறவர் தோற்கப் போகிறவராகத் தோன்றமாட்டார். ஆனால் பெயராக இனிக்கும் இந்தச் சொல்லும் வினையானால் குனிந்துவிடுகிறது: இணங்கினான் என்றால் வற்புறுத்தலுக்கு இணங்கினான் என்றுதான் காது நிரப்பிக்கொள்கிறது. எங்கள் வரிக்கு வினைச்சொல் தேவைப்பட்டது. அதனால் கழித்தோம்.

இசைவு என்பதை அம்மையார் விரும்பினார். இசைதல் பொருந்துதல், இசை பாட்டு, இசை புகழ். ஒரே சொல்லுக்குள் இத்தனையும் இருப்பது தமிழின் செல்வம்தான். எனினும் அலுவலகத் தமிழில் இசைவு என்பது மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு அளிப்பதாக, இசைவாணை என்று கோப்பில் வருவதாக ஆகிவிட்டது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன் கையொப்பம் வாங்கும் இசைவுப் படிவமும் நினைவுக்கு வந்தது. ஒருவர் கொடுக்க ஒருவர் பெறுவது இசைவு. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் செய்கிற ஒன்றுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்படி நின்றது உடன்பாடு. உடன் படுதல் என்பதில் ‘உடன்’ இருப்பதால் தனியாளாக அதைச் செய்யவே முடியாது. ‘அவர் உடன்பட்டார்’ என்றால் ‘எதற்கு, யாரோடு’ என்ற கேள்வி தானாக வரும். ஒருமை எழுவாயிலும் கறை படியாத சொல். இலக்கணத்தில் எதிர்மறைக்கு எதிர்ச்சொல்லாகவும் இருப்பது. மறுக்காமை என்ற அளவோடு நிற்பது. அன்பு, பாசம், மன்னிப்பு எதையும் கோராதது. நான்கு ஆண்டுகள் வழக்காடிய அண்ணன் தம்பிக்கு அந்த அளவான சொல்தான் தாங்கும். ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று’ என்ற குறளையும் நான் அங்கே சொன்னேன். உள்ளத்தில் ஒப்பாதவரோடு வாழ்வது ஒரு குடிசைக்குள் பாம்போடு சேர்ந்திருப்பதைப் போன்றது. உட்பகை என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் அது; ஒரே கூரையை நடுச்சுவரால் பிரித்துக்கொண்டவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ‘அதுல பாம்பு யாருண்ணே?’ என்று தம்பி கேட்டான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, நானும் சிரித்தேன்.

வரி இப்படி அமைந்தது: ‘வாதியும் பிரதிவாதியும் கீழ்க்கண்ட பத்திகளில் உள்ளவாறு உடன்பட்டுள்ளார்கள்.’ அதன்கீழ் ஒன்பது பத்திகள். கிணறும் நடைபாதையும் பொது. மோட்டார் ஒன்று, மின்கட்டணமும் பழுதுச் செலவும் சரிபாதி. கிணற்றடித் தென்னைகள் மூன்றில் ஆளுக்கு ஒன்று, மூன்றாவதன் காய் எங்கள் தங்கை வீட்டுக்கு. இருவரும், இருவருடைய வழக்கறிஞர்களும் கையொப்பமிட்டோம். நீதிபதி அதை ஏற்று, நடைமுறைச் சட்டம் 23ஆம் கட்டளை 3ஆம் விதியின்படி தீர்ப்பாணை வழங்கினார். அந்த விதியின் தமிழ் வாசகத்தில் மறுபடியும் சமரசம்தான். அதுவரை திருத்தப் போக என்னால் ஆகாது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் அறை. தனி அமர்வுக்கென ஒட்டுப்பலகையால் மறித்த ஓர் இடம் இருக்கிறது; மறுபுறம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே பேசுவது கேட்கிறது. எங்களுக்கு முந்தைய குடும்பத்தின் சண்டை முழுவதும் எனக்குத் தெரியும், தெரிந்திருக்கக் கூடாது. இரகசியம் காக்கப்படும் என்பது இந்தச் சேவையின் உயிர். அதைச் சட்டம் காக்கிறது, பலகை காக்கவில்லை. காற்றாடிச் சத்தம்தான் ஓரளவு உதவியது.

இரண்டாவது, காத்திருப்பு. பதினோரு மணி என்று குறித்த அமர்வு பன்னிரண்டரைக்கு முன் தொடங்கியதில்லை. ஒருநாள் எங்கள் தரப்பு வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருந்ததால் அமர்வே நடக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் 120 நாள் வரம்பும் தேவையானால் மேலும் 60 நாளும் என்று வகுத்திருக்கிறது. நாங்கள் அதற்குள் முடித்துவிட்டோம் என்பதால் இதைப் பெரிதாகச் சொல்லமாட்டேன். நான்கு ஆண்டு வாய்தாக்களுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் ஒரு காலமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது, தீர்வுக்குப் பிந்திய தகவல்கள் கிடைக்கவில்லை. செலுத்திய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதைத் தம்பியின் வழக்கறிஞர் தற்செயலாகச் சொல்லித்தான் அறிந்தேன். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் அதற்கென்றே 69-அ என்ற பிரிவு இருக்கிறது. மையத்துக்குப் போகாமல் தரப்பினர் தாங்களே வெளியில் பேசித் தீர்த்துக்கொண்டாலும் இந்தச் சலுகை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. அதேபோல, வழக்கில் அடங்கிய சொத்தைப் பற்றி மட்டும் உடன்பாடு இருக்குமானால் அந்தத் தீர்ப்பாணையைப் பதிவு அலுவலகத்தில் பதியத் தேவையில்லை என்பதும், வழக்கில் இல்லாத சொத்தைச் சேர்த்தால் பதிய வேண்டும் என்பதும் முன்பே தெரிந்திருந்தால், வீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு சென்ட் மனையையும் இதில் நுழைக்கலாமா என்று ஓர் அமர்வை வீணாக்கியிருக்கமாட்டோம். ஒரு பக்கத் துண்டறிக்கை தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். மெய்ப்பு நான் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.

மக்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அங்கே ஒரே நாளில் முடிந்துவிடும், மேல்முறையீடும் கிடையாது. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் போன்ற தொகை பேசும் வழக்குகளுக்கு அது விரைவான வழி. ‘அத்துமீறி நுழைபவர்’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்க அந்த ஒருநாள் கூட்டத்தில் யாருக்கும் முக்கால் மணி நேரம் இருந்திருக்காது.

யாருக்கு இது பொருந்தும் என்பதில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தெளிவான வழி காட்டியிருக்கிறது. பாகப்பிரிவினை, அண்டை வீட்டாருக்கு இடையிலான வழித்தகராறு போல, வழக்கு முடிந்த பிறகும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டியவர்களின் வழக்குகள் இதற்கு ஏற்றவை; மோசடி, போலி ஆவணம் முதலிய கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ளவை ஏற்றவை அல்ல. இதோடு என் சொந்தக் கருத்து ஒன்றையும் சேர்க்கிறேன். தரப்பினர் இருவரின் பலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் இந்த மேசை நியாயமாக இருக்கும். நானும் தம்பியும் ஒரே அளவு பிடிவாதமும் ஒரே அளவு வசதியும் உடையவர்கள். அடித்தவரும் அடிபட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், மிளகாய்த்தூள் பொட்டலத்தில் உள்ள பொருளில்தான் சமரசம் நடக்கும். அங்கே எழுந்து போகலாம் என்ற விதியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீர்ப்பாணை வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நானும் தம்பியும் கட்டித்தழுவிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு அவன் வீட்டிலிருந்து கரும்பு வந்தது, எங்கள் வீட்டிலிருந்து தென்னை மட்டை போனது, அவ்வளவே. சென்ற வாரம் மோட்டார் சுருள் எரிந்துவிட்டது. நான் ஊரில் இல்லை. அவனே ஆளை அழைத்துச் சரிசெய்துவிட்டு, ரசீதைப் புகைப்படம் எடுத்து என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தான். தொகைக்குக் கீழே பேனாவால் பாதியைக் கணக்கிட்டு, அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான்: ‘உடன்பாடு, பத்தி 4’. அதில் ஒற்றுப்பிழை இல்லை.